எல்லையைக் கடந்த 'ரோஜா'

கேரளக் கடற்கரையின் தென்கோடியில் இருக்கிறது பொழியூர். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றுக்குத் தெற்கே, அலைக்கும் தென்னைக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மீனவர் ஊர். 'பொழி' என்றால் ஆற்று நீர் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கும் வாய். ஊரின் குணமும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆற்று நீர் எங்கே முடிகிறது, கடல் நீர் எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

மொழியும் அப்படித்தான். மணலில் தெற்கே நடந்தால் நீரோடி வந்துவிடும். அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு காகிதத்தில் விழுந்தது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், மீன் விற்பதும் வலை வாங்குவதும் முன்போலவே நடந்தன.

களியக்காவிளையில் சரக்கு லாரிகளை நிறுத்திப் பார்க்கச் சோதனைச் சாவடி இருந்தது. பாட்டுக்கு எந்தச் சாவடியும் இருந்ததில்லை. திருவனந்தபுரம் வானொலியும் கேட்கும், இலங்கை வானொலியும் கேட்கும். 1984-ல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கிய பிறகு தமிழ்ப் பாட்டு இன்னும் அருகில் வந்தது.

இந்தக் காற்றில்தான் 1992-ல் ஒரு புதுச் சத்தம் கலந்தது. மணிரத்னம் இயக்கி, கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தயாரித்த 'ரோஜா' படத்தின் பாடல்கள் அவை. இசையமைப்பாளரின் பெயர் அதற்கு முன் எந்தத் தமிழ்ப் படச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. ஏ.ஆர். ரஹ்மான் என்று போட்டிருந்தது. வயது 25.

அந்த முதல் இசைத் தொகுப்பைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்? இசை தெரிந்தவர்கள் என்ன சொன்னார்கள்? இரண்டும் ஒன்றாக இருந்தனவா? பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தக் கேள்விகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு. வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அதில் கூடுதல் பொருள் உண்டு.

யார் இந்தப் புதியவர்?

தமிழ் ரசிகர்களுக்கு அவர் புதியவர். கேரளத்து இசைக் கலைஞர்களுக்கு அவர் தெரிந்த வீட்டுப் பிள்ளை. அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படவுலகில் பெயர் பெற்றவர். 1964-ல் வெளிவந்த 'பழஸ்ஸி ராஜா' படத்துக்கு இசையமைத்தவர் அவரே. மற்ற இசையமைப்பாளர்களுக்கு வாத்திய அமைப்பு செய்து கொடுப்பதிலும் கை தேர்ந்தவர்.

சேகர் 1976-ல் காலமானபோது பிள்ளைக்கு ஒன்பது வயது. அப்போது அவன் பெயர் திலீப் குமார். தந்தை விட்டுச் சென்ற வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் பிழைத்தது. சேகரோடு பல காலம் இணைந்து பணியாற்றிய மலையாள இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன், சிறுவனைக் கூப்பிட்டுத் தம் பாடல் பதிவுகளில் கீபோர்டு வாசிக்க வைத்தார். பின்னர் இளையராஜா, எம்.எஸ். விஸ்வநாதன், ரமேஷ் நாயுடு ஆகியோரின் குழுக்களிலும் அந்தப் பையன் வாசித்தான்.

பிறகு விளம்பரப் படங்கள் வந்தன. காப்பிக்கும் கைக்கடிகாரத்துக்கும் அரை நிமிட, ஒரு நிமிட இசை. அந்த வேலையில் நேரம் குறைவு. கேட்பவர் காதில் உடனே ஒட்ட வேண்டும். அங்கே கிடைத்த பயிற்சிதான் பின்னால் படப் பாட்டில் கை கொடுத்தது எனலாம்.

'ரோஜா' முதல் படமே தவிர, முதல் முயற்சி அல்ல. 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமிய பக்திப் பாடல் தொகுப்பு அதற்கு முன்பே வந்தது. மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கிலப் பாடல் தொகுப்புக்கும் அவர் இசையமைத்தார். இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போயின. அதே கை, அதே காது. ஆனால் கேட்க ஆள் இல்லை. முதல் தொகுப்பு தோற்றால் திறமை இல்லை என்று பொருள் கொள்ளலாகாது என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

பாட்டு உருவான விதம்

குறை சொன்னவர்கள் எதைக் குறை சொன்னார்கள் என்பது புரிய வேண்டுமானால், பாட்டு பதிவான முறை தெரிய வேண்டும்.

அதுவரை சென்னையில் படப் பாட்டுப் பதிவு என்றால் அது ஒரு கல்யாண வீடு. காலையில் பெரிய ஸ்டூடியோவில் வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரர், தபலாக்காரர், கிட்டார்க்காரர் என்று பல பேர் கூடுவார்கள். இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்ததை ஒத்திகை பார்ப்பார்கள். பாடகர் கண்ணாடி அறைக்குள் நிற்பார். எல்லோரும் சேர்ந்து வாசிக்க, பாட்டு பதிவாகும். யாராவது ஒருவர் தவறினால் திரும்பவும் முதலிலிருந்து. மாலைக்குள் பாட்டு முடிந்துவிடும்.

ரஹ்மான் தம் வீட்டுப் பக்கத்திலேயே சிறியதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். அதற்குப் 'பஞ்சதன்' என்று பெயர். அங்கே கூட்டம் கிடையாது. கம்ப்யூட்டரில் தாளத்தை முதலில் கோத்துக்கொள்வார். அதன் மேல் கீபோர்டு ஒலிகள் ஒவ்வொன்றாக ஏறும். புல்லாங்குழல்காரர் ஒரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போவார். பாடகர் வேறொரு நாள், பெரும்பாலும் இரவில், வந்து பாடுவார். ஒரே அடியைப் பல விதமாகப் பாடச் சொல்லி, நல்லதைப் பின்னர் பொறுக்கி எடுத்துக்கொள்வார். கட்டிடம் கட்டுவது போலச் சாந்து பூசி, உலர விட்டு, மீண்டும் பூசி எழுப்பிய பாட்டு அது.

இதனால் ஒலியின் தன்மையே மாறிற்று. குரலைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருப்பது போலவும், எங்கோ தூரத்திலிருந்து ஓர் ஓசை எழுந்து அருகில் வருவது போலவும் கேட்டது. அடியில் கனமான தாளம், நடுவில் குரல், மேலே பனி மூட்டம் போல மெல்லிய ஓசைகள். 'புது வெள்ளை மழை' என்ற பாட்டைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். பாட்டின் பின்னணியில் இருப்பது வாத்தியமா, காற்றா என்று சொல்ல முடியாத ஒரு கனவு மயக்கம் அதில் உண்டு.

எழுந்த குறைகள்

புதிதாக ஒன்று வந்தால் அதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல் உலகம் திணறும். 'ரோஜா'வுக்கு உடனே கிடைத்த பெயர் 'கம்ப்யூட்டர் இசை'. பாராட்டியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பழித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

குறைகள் மூன்று வகை. முதலாவது, சத்தத்தில் சொல் அமுங்கிப் போகிறது என்பது. பட்டுக்கோட்டையார், கண்ணதாசன் காலத்திலிருந்து தமிழ் ரசிகன் பாட்டை வார்த்தைக்காகக் கேட்டுப் பழகியவன். ஒரு சொல் விளங்காவிட்டால் அவனுக்கு மனம் ஆறாது.

இரண்டாவது, இது இயந்திரத்தின் வேலை, மனிதனின் உணர்ச்சி இதில் எங்கே என்பது. ஒரே அளவாக விழும் தாளம் சிலருக்கு அலுப்பூட்டியது. இன்னும் ஓரிரு படங்களில் இந்த மோகம் அடங்கிவிடும் என்று ஆரூடம் சொன்னவர்களும் உண்டு.

மூன்றாவது குறைதான் கனமானது. அது வயிற்றுப் பிழைப்பைப் பற்றியது. ஒரு கீபோர்டு பத்து வயலினின் ஓசையைத் தருமானால், அந்தப் பத்து வயலின்காரர்கள் எங்கே போவார்கள்? கோடம்பாக்கத்தில் தினக்கூலி போலப் பதிவுக்குப் பதிவு சம்பளம் வாங்கி வாழ்ந்த கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். கீபோர்டும் தாள இயந்திரமும் ரஹ்மானுக்கு முன்பே வந்தவை. அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. ஆயினும் அதன் பிறகு பல ஸ்டூடியோக்களில் வாத்தியக்காரர்களின் நாற்காலிகள் காலியாயின என்பது மறுக்க முடியாத உண்மை. ஆலையில் புது இயந்திரம் இறங்கியபோது வேலை போனவர்களையும், அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது கலங்கிய குமாஸ்தாக்களையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கவலை புதிதாக இராது.

கருவிக்கு ஏற்ற காது

சொல் விளங்கவில்லை என்ற முதல் குறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, கேட்ட கருவியின் குற்றம்.

கடலோர ஊர்களில் பாட்டு வரும் வழிகள் சில. கோயில் கொடைக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி ஒன்று. அந்தக் குழாயில் கனமான அடி ஓசை வராது. கீச்சென்ற மேல் ஓசையும் மனிதக் குரலும்தான் தூரம் போகும். கடற்காற்று வீசினால் அதிலும் பாதி பறந்துவிடும். டீக்கடையின் பழைய டேப் ரிக்கார்டர் இன்னொன்று. அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். வலப்பக்க ஓசையும் இடப்பக்க ஓசையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பும். போதாக்குறைக்கு, நகல் எடுத்து நகல் எடுத்து நைந்து போன காஸெட்.

அந்தக் கருவிகளில் 'ரோஜா'வின் பாதி இசை கேட்கவே கேட்காது. அடித்தளம் போய்விட்ட வீட்டைப் பார்த்து அழகில்லை என்று சொல்வது போலத்தான் அது.

ஆனால் கேரளத்தில் வேறொரு வழியும் இருந்தது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்தவர்கள் பெட்டியில் கொண்டு வந்த ஸ்டீரியோ செட். இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், கனமான ஓசைக்குத் தனித் திருகு. எழுபதுகளின் நடுவிலிருந்தே கேரளத்து வீடுகளில் அவை இடம் பிடித்துவிட்டன. அந்த செட்டில் 'ரோஜா' காஸெட்டைப் போட்டபோது வேறு பாட்டு கேட்டது. தாளம் தரையில் அதிர்ந்தது. முன்பு காதில் விழாத சின்னச் சின்ன ஓசைகள், திரை விலகியதும் தெரியும் சிலைகளைப் போல, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதல் தடவை புரியாத பாட்டு நாலாவது தடவை பிடித்தது. பத்தாவது தடவை விட முடியவில்லை. ரஹ்மானின் பாட்டு மெல்ல மெல்லத்தான் ஏறும் என்று பிற்காலத்தில் ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு விதை இங்கே விழுந்தது.

எனினும் குழாய் ஒலிபெருக்கியிலும் ஜெயித்த பாட்டு ஒன்று அதில் இருந்தது. 'சின்னச் சின்ன ஆசை'. அதில் குரல் முன்னே நிற்கிறது. வாத்தியம் ஒதுங்கி வழிவிடுகிறது. ஒரு கிராமத்துப் பெண்ணின் சின்ன விருப்பங்களை வைரமுத்து எளிய சொற்களில் அடுக்கியிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பாட்டு காதில் விழுந்தது. சொல் விளங்கவில்லை என்றவர்களுக்கு அதே தொகுப்பிலேயே பதில் இருந்தது.

வெளிநாட்டிலும் இதே கதை

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய சங்கதி என்று எண்ண வேண்டாம். 'ரோஜா'வுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஸ்காட்லாந்திலும் ஏறக்குறைய இதே வழக்கு நடந்தது.

அங்கே கிரேஞ்ச்மவுத் என்று ஓர் ஊர். 2025 வரை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கிய, துறைமுகமும் உள்ள தொழிலாளர் ஊர். அந்த ஊர் இளைஞர்கள் சேர்ந்து 'காக்டோ ட்வின்ஸ்' என்ற குழுவை அமைத்தார்கள். 1982-ல் 'கார்லண்ட்ஸ்' என்ற அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. எதிரொலி சூழ்ந்த கிட்டார், தாள இயந்திரம், அதன் நடுவே எலிசபெத் ஃப்ரேசர் என்ற இளம் பெண்ணின் குரல். அவர் பாடிய சொற்கள் பெரும்பாலும் விளங்காது. விமர்சகர்கள் சிலர், அப்போது புகழ் பெற்றிருந்த வேறொரு குழுவின் சாயல் இது என்று ஒதுக்கினார்கள். ஆனால் பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் அவர்களுக்கு இடம் கொடுத்தார். கேட்டவர்கள் தேடி வாங்கினார்கள்.

அந்த வகை இசைக்குப் பின்னால் 'ட்ரீம் பாப்' என்று பெயர் வந்தது. கனவில் கேட்பது போன்ற பாட்டு என்று பொருள் கொள்ளலாம். எண்பதுகளின் கடைசியில்தான் அந்தப் பெயர் வழக்குக்கு வந்தது. முதலில் ஓசை, பிறகு ரசிகன், கடைசியில்தான் பெயர். பெயர் தெரியாத பண்டத்தையும் நாக்கு ருசி கண்டுவிடுகிறது அல்லவா?

'ரோஜா' ட்ரீம் பாப் அல்ல. அது ராகமும் நாட்டுப்புற மெட்டும் கலந்த தமிழ்ப் படப் பாட்டு. ஆனால் இரண்டு முதல் தொகுப்புகளுக்கும் விழுந்த குறை ஒன்றே: சொல் விளங்கவில்லை, இயந்திரம் மிகுதி. இரண்டையும் தூக்கி நிறுத்தியவர்களும் ஒரே இனம்: திரும்பத் திரும்பக் கேட்ட சாதாரண ரசிகர்கள்.

தமிழிலேயே முந்திய உதாரணமும் உண்டு. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது இளையராஜாவும் புதியவரே. முதல் பாட்டுப் பதிவு தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றதாகவும், அதை அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்ததாகவும் கதை உண்டு. தயாரிப்பில் துணை நின்ற பஞ்சு அருணாசலம் அசையவில்லை. அந்தப் பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. பதினாறு ஆண்டு கழித்து அதே கேள்வி வேறொரு இளைஞர் முன் வந்து நின்றது.

ஒரு வாக்கு

1993-ல் 40-வது தேசியத் திரைப்பட விருதுகளுக்கான நடுவர் குழு கூடியது. இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திரா அதன் தலைவர். இசைக்கான விருதுக்குக் கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன. 'தேவர் மகன்' படத்துக்காக இளையராஜா, 'ரோஜா'வுக்காக ரஹ்மான். இரண்டு பேருக்கும் வாக்குகள் சமமாக விழுந்தன. தலைவரின் வாக்குதான் முடிவு செய்தது. அது ரஹ்மானுக்கு விழுந்தது.

பாலு மகேந்திராவின் நிலையை எண்ணிப் பாருங்கள். தம் படங்களுக்கு ஆண்டாண்டு காலமாக இசை தந்து வந்தவர் இளையராஜா. தேர்ந்த தெரிந்த நண்பர். எதிரே நின்றவர் முதல் படக்காரர். நண்பருக்கு வாக்களித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 'தேவர் மகன்' இசையின் தரம் அப்படி. ஆனாலும் புதியவர் பக்கம் அவர் சாய்ந்தார். அந்த ஒரு வாக்கினால் விமர்சகர்களின் தீர்ப்பும் ரசிகர்களின் தீர்ப்பும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. 'சின்னச் சின்ன ஆசை'க்காக வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

படத்தின் அரசியலைப் பற்றி ஆய்வாளர்கள் பின்னர் கடுமையாகவே விவாதித்தார்கள். காஷ்மீரையும் தேசபக்தியையும் அது காட்டிய விதம் சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பாட்டுக்கு அந்தச் சூடு அதிகம் படவில்லை. 2005-ல் அமெரிக்காவின் 'டைம்' வார இதழில் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ், உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தார். ஓரிரு படங்களில் அடங்கிவிடும் என்ற ஆரூடம் அத்தோடு முடிந்தது.

யாருடைய குரல்கள்?

இங்கே வெளி மாநிலத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. படத்தின் கதையே அவர்களுக்கு நெருக்கமானது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண், கணவனோடு காஷ்மீர் போகிறாள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அவளுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. கணவன் கடத்தப்படுகிறான். அதிகாரிகளின் வாசலில் நின்று, தெரியாத மொழிக்காரர்களிடம் அவள் தன் வழக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ போலீஸ் நிலையத்திலோ மொழி தெரியாமல் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பெண்ணின் தவிப்பு சொல்லாமலே விளங்கும்.

அந்தத் தமிழ்ப் பெண்ணின் கதைக்குப் பாடியவர்கள் யார்? 'சின்னச் சின்ன ஆசை' பாடிய மின்மினி ஆலுவாய்ப் பக்கத்துக்காரர். 'புது வெள்ளை மழை' பாடிய உன்னி மேனனும் சுஜாதாவும் மலையாளிகள். 'ருக்குமணி ருக்குமணி'யில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடன் பாடிய சித்ரா திருவனந்தபுரம் கரமனையைச் சேர்ந்தவர். 'தமிழா தமிழா' பாடிய ஹரிஹரன் திருவனந்தபுரத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த தமிழர். 'காதல் ரோஜாவே' பாடிய பாலசுப்ரமணியமோ தெலுங்கர். அவருடன் அதில் குரல் கொடுத்தவரும் சுஜாதாதான்.

தமிழகமே தன்னுடையது என்று கொண்டாடிய தொகுப்பில் பாதிக்கு மேல் கேரளத்துக் குரல்கள். இசையமைத்தவரின் தந்தையும் மலையாளப் படவுலகின் சொத்து. ரஹ்மானே 'ரோஜா' வந்த சில வாரங்களில் 'யோத்தா' என்ற மலையாளப் படத்துக்கும் இசையமைத்தார். ஆகவே இந்தப் பாட்டு எல்லையைக் கடந்து கேரளத்துக்கு வந்தது என்று சொல்வதா, இங்கிருந்து போய்த் திரும்பி வந்தது என்று சொல்வதா? பொழியில் நின்று, இது ஆற்று நீரா கடல் நீரா என்று கேட்பது போன்ற கேள்விதான்.

கேரளத்தில் வாழும் தமிழருக்கு இது வெறும் பெருமைக்கு உரிய செய்தி மட்டுமல்ல. 'உங்கள் பாட்டு, எங்கள் பாட்டு' என்று பிரித்துப் பேசும் வேளைகளில் நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஒரு குரலின் விலை

முதல் தொகுப்பின் வெற்றி எல்லோரையும் ஒரே மாதிரி உயர்த்தவில்லை. ரஹ்மான் 2009-ல் இரண்டு ஆஸ்கார் விருதுகளைக் கையில் வாங்கி, மேடையிலேயே தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார். உலகம் கேட்டது. ஆனால் 'ரோஜா' என்றதும் பலர் காதில் முதலில் ஒலிக்கும் குரலுக்கு என்ன ஆயிற்று?

மின்மினியின் இயற்பெயர் ரோசிலி. 'சின்னச் சின்ன ஆசை'க்காகத் தமிழக அரசின் சிறந்த பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. படங்கள் வரிசையில் நின்றன. 1993-ல் லண்டனில் மேடைக் கச்சேரிக்காகப் போனார். அங்கே பாடிக்கொண்டிருக்கும்போது குரல் நின்றுவிட்டது. பாட முடியவில்லை. ஊர் திரும்பினார். புகழின் உச்சியில் ஏறிய சிறிது காலத்திலேயே பாட்டு அவரை விட்டுப் போயிற்று.

குரலே கைத்தொழிலாக இருப்பவருக்குக் குரல் போவது என்றால், வலைக்காரனுக்குக் கை போவது போல. எழுத்தருக்குக் கண் போவது போல. ஒரு பக்கம் தெருவெல்லாம் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் அந்தக் குரலுக்கு உரியவர் மௌனமாக இருந்தார். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்த பின் பாடியவரை நாம் தேடுவதில்லை.

மின்மினி மனம் தளர்ந்து மூலையில் முடங்கிவிடவில்லை. பல ஆண்டுகள் பொறுமையாக இருந்து, சிறுகச் சிறுகப் பயிற்சி செய்து, குரலை மீட்டார். கணவரோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு இசை கற்றுக் கொடுத்தார். 2015-ல் 'மிலி' என்ற மலையாளப் படத்தில் மீண்டும் பாடினார். விருது வாங்கிய நாளைவிட அந்த நாள் பெரிய நாள் என்று சொன்னால் மிகையாகாது.

கேட்பவர் கையில்

'ரோஜா' வெளிவந்தது 1992 ஆகஸ்ட் 15-ம் தேதி. அன்று பிறந்த குழந்தைகளுக்கு இன்று குடும்பம் உண்டு. காஸெட் போயிற்று, வட்டத் தகடும் போயிற்று, இப்போது பாட்டு கைபேசியில் இருக்கிறது. அன்று வளைகுடா செட்டில் மட்டும் கேட்ட அந்த அடி ஓசையும் பின்னணிப் பனி மூட்டமும் இன்று காதில் மாட்டும் சின்னக் குமிழிலேயே கேட்கின்றன. சொல்லும் விளங்குகிறது, இசையும் விளங்குகிறது. முதலில் எழுந்த குறைகளில் ஒன்றைக் காலமே தீர்த்து வைத்துவிட்டது.

மற்றொன்று தீரவில்லை. வாத்தியக்காரர்களின் வேலை பற்றிய கவலை இன்று இன்னும் பெரிதாகி, பாடகர்களின் வாசலுக்கே வந்திருக்கிறது. மறைந்தவர் குரலையும் இயந்திரம் போலச் செய்து பாட வைக்க முடிகிறது. 1992-ல் அந்தக் கேள்வியை எழுப்பியவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கியது சரியல்ல என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் பாட்டைக் குறைவாக மதிப்பிட்டார்கள். வரப்போவதைச் சரியாகவே மோப்பம் பிடித்தார்கள்.

ஒரு முதல் தொகுப்பு வரும்போது விமர்சகர் தம் காதில் ஏற்கனவே உள்ளதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அது அவர் வேலை. ரசிகன் அப்படிச் செய்வதில்லை. வலை தைத்துக்கொண்டும், கணக்கு எழுதிக்கொண்டும், பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டும் கேட்கிறான். ஒரு தடவைக்குப் பத்து தடவை கேட்கிறான். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறான். பிடித்தால் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். இரண்டு தீர்ப்புகளும் வேண்டியவைதான். ஆனால் இரண்டாவது தீர்ப்பு வரக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அதுவரை புதியவரை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். எம்.கே. அர்ஜுனனைப் போல ஒருவர் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். பாலு மகேந்திராவைப் போல ஒருவர் துணிந்து வாக்களிக்க வேண்டும்.

பொழியூர்க் கடற்கரையில் மாலைக் காற்று இன்றும் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பாட்டைக் கொண்டு வருகிறது. எந்தப் பக்கத்துப் பாட்டு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க நன்றாக இருந்தால், நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.